தீர்மானம் போடாமல் வகுப்பெடுக்கப் போன கருத்தரங்கு: பெங்களூர், 1979–84

தென்னிந்தியாவில் ஆங்கில ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் கூடிப் பேசிய கருத்தரங்குகளுக்குக் குறைவே இல்லை. பலவற்றில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, தீர்மானங்கள் நிறைவேறின, தொகுப்பு நூல் வெளிவந்தது, அதோடு முடிந்தது. பெங்களூரில் உள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தில் 1979-ல் தொடங்கிய கருத்தரங்குத் தொடர் வேறு வழியில் போனது. ஒரு கேள்வியை விவாதித்தார்கள், விவாதத்தால் தீராது என்று கண்டார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பெடுத்துப் பார்த்தார்கள். பிறகு மறுபடி கூடி, நடந்ததை எல்லோர் முன்பும் வைத்தார்கள். உலகமெங்கும் ஆங்கிலம் கற்பித்தல் படிப்பவர்கள் இன்று ‘பெங்களூர் திட்டம்’ என்று படிப்பது அப்படி வந்ததுதான்.

இந்த ஆய்வு அந்தத் திட்டத்தின் முறையைப் பற்றியது மட்டுமல்ல. முறையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு மண்டலக் கருத்தரங்கு எப்படி ஒரு வகுப்பறைச் சோதனையைப் பெற்றெடுத்தது, அதை ஐந்து ஆண்டுகள் எப்படித் தாங்கிப் பிடித்தது, எங்கே அதன் கை எட்டவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

முன்கதை

சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளியில் ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி புதிதாக எழுந்தது. அதுவரை இருந்தது இலக்கண விதி, மொழிபெயர்ப்பு, பாடநூல் மனப்பாடம். புதிய வழி தேட நிறுவனங்கள் வந்தன. 1950-களின் நடுவில் அலகாபாத்தில் ஆங்கில மொழி கற்பித்தல் நிறுவனம், 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம், 1963-ல் தென் மாநிலங்களுக்காகப் பெங்களூரில் மண்டல நிறுவனம். ஹைதராபாத் நிறுவனம்தான் இப்போது இஃப்லு என்று அழைக்கப்படும் மத்தியப் பல்கலைக்கழகம்.

இடையில் 1957-ல் நாக்பூரில் ஓர் அகில இந்தியக் கருத்தரங்கு நடந்தது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதுக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம் அங்கிருந்து வேகம் பெற்றது. ஆசிரியர்கள் பேச்சில் இதற்கு ‘ஸ்ட்ரக்சுரல் முறை’ என்று பெயர். ஆசிரியர் கதவருகே போய், திறந்தபடியே ‘ஐ ஆம் ஓப்பனிங் த டோர்’ என்பார். பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். அப்புறம் ஜன்னல், அப்புறம் பெட்டி. ஒரு பாடவேளைக்கு ஓர் அமைப்பு, வாய்மொழிப் பயிற்சி, பொருத்தமான சூழ்நிலை. அமைப்பு, வாய்மொழி, சூழ்நிலை மூன்றையும் குறித்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்து ‘எஸ்-ஓ-எஸ்’ என்றும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை வந்த வேகம் பிரமிக்க வைப்பது. 1959-லிருந்து அன்றைய மதராஸ் மாநிலத்தில் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் இயக்கம் நடந்தது. பிரிட்டனின் கல்வி, பண்பாட்டு அமைப்பான பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்த குழுவுக்கு, அவர்கள் மாவட்டங்களுக்கு என்று கீழே இறங்கிக்கொண்டே போகும் ஏற்பாடு. ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்ற பெயர் அதனால்தான் வந்தது.

இந்த இயக்கத்தை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மேலே முடிவு செய்த ஒரு முறையைக் கீழே இருக்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களிடம் கொண்டு சேர்ப்பது என்பதுதான் அந்தக் காலத்தின் சிந்தனை. நிபுணர்கள் கருத்தரங்கில் கூடி முறையைத் தீர்மானிப்பார்கள், பயிற்சி அதை இறக்கிவைக்கும், ஆசிரியர் பின்பற்றுவார். 1979-ல் பெங்களூரில் நடந்தது இந்த வரிசையையே தலைகீழாக்கியது.

எது உறுத்தியது

1970-களின் நடுவில் ஸ்ட்ரக்சுரல் முறை பழகிப்போய்விட்டது. பாடநூல்கள் அதில் இருந்தன, பயிற்சிக் கல்லூரிகள் அதைத்தான் சொல்லித்தந்தன. ஆனால் பலனைப் பற்றிய மனக்குறை வளர்ந்துகொண்டிருந்தது. பாடவேளையில் பிழையில்லாமல் சொன்ன வாக்கியத்தை மாணவர் சில வாரங்கள் கழித்துச் சொந்தமாகப் பேசவோ எழுதவோ போனால் தவறவிட்டார். ‘ஹி இஸ் கோயிங்’ என்று நூறு முறை ஒப்பித்த பிள்ளை, சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹி கோயிங்’ என்றது. பயிற்சி போதவில்லையா, வரிசை சரியில்லையா, ஆசிரியருக்குத் திறமை போதாதா? அன்றைக்கு வழக்கமாகக் கிடைத்த பதில்கள் இந்த மூன்றும்தான்.

அதே சமயம் ஐரோப்பாவிலிருந்து வேறொரு காற்று வீசியது. 1976-ல் பிரிட்டிஷ் மொழியியலாளர் டேவிட் வில்கின்ஸ், இலக்கண அமைப்புகளுக்குப் பதிலாகப் பொருளையும் பயன்பாட்டையும் கொண்டு பாடத்திட்டம் அமைக்கலாம் என்று வாதிட்டார். 1978-ல் ஹென்றி விடோசன், மொழியைத் தொடர்பாடலாகவே கற்பிப்பது பற்றி எழுதினார். வழி கேட்பது, மன்னிப்புக் கேட்பது, அழைப்பு விடுப்பது என்று மொழியின் வேலைகளைப் பட்டியலிட்டுப் பாடம் அமைக்கும் போக்கு பரவியது.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் பெங்களூர் கருத்தரங்கின் முன் இருந்த கேள்வி. அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் தென்னிந்தியாவுக்கான ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த என்.எஸ். பிரபு, அவரோடு சேர்ந்து யோசித்தவர்கள் ஆகியோரின் பதில் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு வழி கேட்கத் தெரிய வேண்டும். தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அப்படியொரு உடனடித் தேவை இல்லை. பள்ளிக்கு வெளியே அது யாரிடமும் ஆங்கிலத்தில் வழி கேட்கப் போவதில்லை. பின்னாளில் எதற்குத் தேவைப்படும் என்று இப்போதே கணித்துச் சொல்லவும் முடியாது. எந்தத் தேவைக்கும் கைகொடுக்கும்படி இலக்கணம் உள்ளே படிந்திருப்பதுதான் அதற்குப் பயன்படும்.

அப்படியானால் இலக்கணம் எப்படிப் படிகிறது? பிரபுவின் உள்ளுணர்வு இது: மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது இலக்கணம் தானாக, நமக்குத் தெரியாமலே உள்ளே அமைகிறது. பாடத்தை வாக்கிய அமைப்புகளாக அடுக்குவதும், திட்டமிட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருப்பதும் அதற்குத் தேவையில்லை. மாணவர் எதையாவது புரிந்துகொள்ளவும் சொல்லவும் முனைந்து போராடும் சூழல்தான் தேவை.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். இலக்கணம் வேண்டாம் என்று சொன்ன திட்டம் என்றுதான் பெங்களூர் திட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மை நேர் எதிர். இலக்கணத் தேர்ச்சியே அதன் குறிக்கோள். அதை அடைய இலக்கணத்தின் மேல் கவனம் வைக்க வேண்டாம் என்பதுதான் அதன் துணிச்சல்.

விவாதத்திலிருந்து வகுப்பறைக்கு

உள்ளுணர்வை வைத்து எத்தனை நாள் விவாதிப்பது? ஒருவர் ஆதரிப்பார், இன்னொருவர் மறுப்பார், இரண்டு பேரிடமும் சான்று இருக்காது. பாடம் நடத்தித்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது. மண்டல ஆங்கில நிறுவனமும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து தாங்க, 1979-லிருந்து 1984 வரை திட்டம் நடந்தது.

அளவில் அது சிறியது. மொத்தம் எட்டு வகுப்புகள், 18 ஆசிரியர்கள், எட்டு வயது முதல் பதினைந்து வயது வரையிலான 390 மாணவர்கள். பெங்களூர், சென்னை, கடலூர் ஊர்களில் இருந்த சாதாரணப் பள்ளிகள். ஒவ்வொரு வகுப்பிலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாடம் நடந்தது. 27,000 ஆசிரியர்களை எட்ட முயன்ற பனிப்பந்துக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த எண்கள் மிகச் சிறியவை. ஆனால் இங்கே முறையை வகுத்தவர்களே வகுப்பெடுக்கவும் போனார்கள். ஆசிரியர் பயிற்றுநர்கள், மொழிக்கல்வி நிபுணர்கள், அவர்களோடு பள்ளியின் வழக்கமான ஆசிரியர்கள் சிலர். மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வகுப்பில் என்ன நடந்தது? வாக்கிய அமைப்புகளின் பட்டியல் கிடையாது. பாடத்திட்டம் என்பதே ‘டாஸ்க்’குகளின் வரிசைதான், அதாவது யோசித்துச் செய்து முடிக்க வேண்டிய வேலைகளின் வரிசை. கடிகார முகப்பு, மாத நாட்காட்டி, வரைபடம், பள்ளிக் கால அட்டவணை, ரயில் நேரம், வயதும் பிறந்த ஆண்டும், பணக்கணக்கு, ஊர்களுக்கு இடையே தொலைவு, அஞ்சல் விதிகள், தந்தி என்று பட்டியல் நீளும். அந்தக் காலத்துத் தென்னிந்தியப் பிள்ளைக்கு அன்றாடம் தெரிந்த பொருள்கள். தலை மட்டும் புதிதாக வேலை செய்ய வேண்டும்.

அந்த வகைப் பாடம் எப்படி இருக்கும் என்று புரிய, ஓர் உதாரணத்தை நானே அமைத்துச் சொல்கிறேன். கரும்பலகையில் சென்னையிலிருந்து பெங்களூர் போகும் மூன்று ரயில்களின் நேரம் இருக்கிறது. ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார்: முதல் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? எப்போது போய்ச் சேர்கிறது? பயணம் எத்தனை மணி நேரம்? மூன்றில் வேகமானது எது? ஒருவருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் பெங்களூரில் கூட்டம், எந்த ரயிலில் ஏறுவார்? வகுப்பு முழுவதும் வாய்மொழியாகப் பதில் சொல்கிறது. ஒரு பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் கேள்வியை உடைத்துக் கேட்கிறார். இது டாஸ்க்குக்கு முந்தைய பகுதி. அதன் பிறகு அதே மாதிரியான வேறொரு அட்டவணையும் கேள்விகளும் தாளில் வரும். அதை ஒவ்வொரு மாணவரும் தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா தவறா என்று பார்த்துத்தான் மதிப்பெண், ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அல்ல.

கேட்க எளிதாக இருக்கலாம். உள்ளே நுணுக்கம் இருக்கிறது. டாஸ்க்குகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தன்னிடம் உள்ள தகவலை இன்னொருவருக்குத் தருவது ஒரு வகை. இருக்கும் தகவலிலிருந்து இல்லாத ஒன்றை யோசித்து வருவிப்பது இரண்டாம் வகை. தன் விருப்பத்தையோ எண்ணத்தையோ சொல்வது மூன்றாம் வகை. இரண்டாவதுதான் மிக நன்றாக வேலை செய்தது. முதல் வகையில் தகவலைக் கொடுத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாம் வகையில் எது சரி என்பதற்கு உரைகல் இல்லை, தொடக்க நிலை மாணவருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. யோசித்துக் கண்டுபிடிக்கும் வேலையில் தவறினால் திரும்பிப் பார்க்கலாம், ஏன் என்று கேட்கலாம், பேச்சு நீளும்.

டாஸ்க் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நடைமுறை அளவுகோல் கிடைத்தது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏறக்குறைய பாதி வேலையைச் சரியாகச் செய்தால் அது சரியான அளவு. எல்லோரும் எல்லாம் செய்தால் எளிது, அடுத்த முறை கூட்ட வேண்டும். பாதிக்கும் கீழே போனால் குறைக்க வேண்டும். இன்றைக்கும் ஒரு வகுப்பாசிரியர் நாளையே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவுகோல் இது.

இன்னும் இரண்டு முடிவுகள் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். குழுவாக உட்கார்ந்து பேச வைப்பதை அவர்கள் ஊக்குவிக்கவில்லை. மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பேசினால் ஒருவரின் குறை ஆங்கிலத்தை இன்னொருவர் கேட்டு அதுவே பழகிவிடும், ஆசிரியரின் ஆங்கிலத்தை நிறையக் கேட்பதே பயன் என்பது அவர்கள் எண்ணம். பிழை திருத்தத்தில், வேலை தடைபடாமல் சரியான வடிவத்தை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுவார். நிறுத்தி விதி விளக்கி, மற்றவர்களையும் சொல்ல வைத்துப் பயிற்சி கொடுப்பது கிடையாது. வீட்டில் சிறு குழந்தையிடம் பெரியவர்கள் பேசும் விதம் இதுதானே.

மீளாய்வு என்ற பழக்கம்

இந்த ஆய்வின் மையம் இங்கே இருக்கிறது. திட்டம் நடந்த ஆண்டுகளில் பெங்களூரில் மீளாய்வுக் கருத்தரங்குகள் கூடின. நடந்த பாடங்களின் விவரம் அங்கே வைக்கப்பட்டது. மண்டல நிறுவனம் தன் செய்திமடலின் சிறப்பிதழ்களில் அவற்றை அச்சிட்டு அனுப்பியது. பாடத்தைப் பார்க்க வெளியாட்கள் வரலாம், வந்தார்கள். பார்த்தவர்கள் சந்தேகங்களைச் சொன்னார்கள், குழு பதில் சொன்னது, சில இடங்களில் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது.

வழக்கமான கருத்தரங்கில் ஒருவர் முடிந்துபோன வேலையைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். கேள்வி கேட்கப் பத்து நிமிடம். அந்தக் கேள்வியால் அவருடைய அடுத்த வாரம் மாறப்போவதில்லை. பெங்களூரில் வேலை முடியாமல் இருந்தது. திங்கட்கிழமை மறுபடி அதே பிள்ளைகள் முன் நிற்க வேண்டும். ‘மாணவர்கள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்களே, இதில் எங்கே மொழி வளரும்?’ என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நேராக வகுப்பறைக்குள் போகும். டாஸ்க் வகைகளும், முன்பகுதி பின்பகுதி என்ற பிரிவும், பாதிக்குப் பாதி அளவுகோலும் முன்கூட்டியே எழுதிவைத்த கோட்பாட்டிலிருந்து வந்தவை அல்ல. எடுத்துப் பார்த்து, விழுந்த இடத்தில் எழுந்து, பேசிப் பேசி வடிவம் பெற்றவை.

அதோடு ‘மண்டல’ என்ற அளவும் உதவியது. பெங்களூர், சென்னை, கடலூர் மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் இருப்பவை. பாடத்திட்டங்கள் ஒத்தவை, வகுப்பின் அளவு ஒத்தது, மாணவரின் பின்னணி ஒத்தது. ஒருவர் சொன்ன சிக்கலை அடுத்தவர் தன் பள்ளியில் வைத்துப் பார்க்க முடிந்தது. உலகக் கருத்தரங்கு ஒன்றில் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. 1984-ல் கிறிஸ்டோபர் பிரம்ஃபிட்டும் 1985-ல் ஜான் கிரீன்வுட்டும் ஆங்கிலம் கற்பித்தலுக்கான பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் இந்தத் திட்டத்தை விமர்சன நோக்கில் பரிசீலித்து எழுதினார்கள். திட்டத்தின் உரிமைக்கோரல்களுக்குச் சான்று போதுமா என்ற கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் ஒப்பிட்டு அளக்கும் ஏற்பாடு எதுவும் திட்டத்துக்குள் இல்லை.

அளந்து பார்த்தபோது

அந்த ஏற்பாடு கடைசியில் வந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் 1984-ல் நான்கு பள்ளிகளில் திட்ட வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டுத் தேர்வு வைத்தார்கள். 1985-ல் முடிவு வெளியானது. தேர்வுகளை அவர்கள் அமைத்த விதம் நேர்மையானது. ஸ்ட்ரக்சுரல் முறையில் படித்தவர்களுக்குச் சாதகமான ஒரு தேர்வு, டாஸ்க்கில் படித்தவர்களுக்குச் சாதகமான ஒரு தேர்வு, இரு தரப்புக்கும் பொதுவாக மூன்று: சூழலோடு வரும் இலக்கணம், சொல்வதெழுதுதல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல்.

எதிர்பார்த்தபடி அவரவர் தேர்வில் அவரவர் முந்தினார்கள். பொதுத் தேர்வுகளில் ஒட்டுமொத்தமாகத் திட்ட வகுப்புகளின் பக்கம் தராசு சாய்ந்தது. இலக்கணத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமலும் இலக்கணம் வளர்கிறது என்ற எண்ணத்துக்கு இது ஆதரவுதான்.

சரி, இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆய்வாளர்களே எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள். மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, ஏற்கனவே இருந்த வகுப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரு பக்க ஆசிரியர்களும் சமமானவர்கள் அல்ல, திட்டப் பக்கத்தில் இருந்தவர்களில் பலர் தேர்ந்த பயிற்றுநர்கள், ஆர்வத்தோடு வந்தவர்கள். முறையால் வந்த பலன் எவ்வளவு, ஆசிரியரால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் மதிப்பில், பெங்களூர் முறை தோற்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. மற்ற முறைகளை வென்றது என்பதற்குப் போதாது.

கை எட்டாத இடம்

1990-ல் பெரெட்டா இன்னொரு கட்டுரை வெளியிட்டார். இந்த நிகழ்வின் மிகக் கசப்பான பக்கம் அதில்தான் இருக்கிறது. திட்டத்தில் பாடம் எடுத்த 15 ஆசிரியர்களிடம் அனுபவத்தை எழுதி வாங்கி, முறை அவர்களுக்குள் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தார். 40 சதவீதம் பேர் முறையின் அடிப்படையே பிடிபடாத ஆரம்ப நிலையில் நின்றிருந்தார்கள். பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களாக இருந்து திட்டத்துக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வரிசையில்தான் இருந்தார்கள்.

ஏன் என்று யோசித்தால் அந்த ஆசிரியர்கள் மேல் குறை சொல்லத் தோன்றாது. ஸ்ட்ரக்சுரல் முறையில் நாளைய பாடத்தின் வாக்கியங்கள் கையில் இருக்கும். அவற்றைப் பிழையில்லாமல் சொன்னால் போதும். டாஸ்க் வகுப்பில் எந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று தெரியாது, வந்த பதிலைப் பிடித்து அங்கேயே ஆங்கிலத்தில் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். தன் ஆங்கிலத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லாத ஆசிரியருக்கு இது மேடையில் எழுத்து இல்லாமல் நிற்பது போன்றது. ஆண்டுத் தேர்வோ பழைய இலக்கணக் கேள்விகளைத்தான் கேட்கிறது. தலைமை ஆசிரியர் பாடக்குறிப்பைப் பார்க்கிறார், அதில் ‘இன்றைய அமைப்பு’ என்ற வரி காலியாக இருக்கிறது. பெற்றோர் நோட்டைப் புரட்டினால் இலக்கணப் பயிற்சி எதுவும் இல்லை.

முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு மீளாய்வுக் கருத்தரங்கு பள்ளிக்கூடமாக இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் அவர்கள் வளர்ந்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த ஆசிரியர் முறையைத் தயாராகப் பெற்றுக்கொண்டார், அதன் பின்னால் இருந்த தேடல் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த அளவில், பனிப்பந்தின் சிக்கல் சிறிய வடிவில் இங்கேயும் திரும்பி வந்தது. திட்டம் முடிந்த பிறகு தென் மாநிலங்களின் பள்ளிப் பாடத்திட்டமாக அது மாறவும் இல்லை.

பிறகு நடந்தவை

1987-ல் பிரபு இந்த அனுபவத்தை நூலாக எழுதினார். பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1990-ல் சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெங்களூர் அனுபவத்தின் கனிந்த பாடம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தானே ஒரு முறையை உருவாக்கி உலகப் பெயர் பெற்ற ஒருவர், தன் முறைதான் சிறந்தது என்று வாதிடவில்லை. ஒவ்வொரு ஆசிரியருக்கும், கற்றல் இப்படித்தான் நடக்கிறது, நான் செய்யும் இது அதற்கு உதவுகிறது என்ற ஓர் உள்ளுணர்வு இருக்கிறது. அது உயிரோடு இருக்கும்போது பாடம் நன்றாக இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும் அது வெறும் வழக்கமாகி உறைந்துபோவதுதான் கற்பித்தலின் உண்மையான எதிரி. உறையாமல் இருக்க ஒருவரின் உள்ளுணர்வு இன்னொருவரின் உள்ளுணர்வோடு உரசிக்கொண்டே இருக்க வேண்டும். பெங்களூரில் அந்த உரசலுக்கு இடம் கொடுத்தவை மீளாய்வுக் கூட்டங்கள்.

டாஸ்க் வழிக் கற்பித்தல் உலக அளவில் தனித் துறையாகவே வளர்ந்தது. 2005-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் அதற்கென முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. இன்றும் அந்தத் துறையின் வரலாறு எழுதுபவர்கள் பெங்களூரைச் சொல்லாமல் விடுவதில்லை.

நம் பக்கத்தில் கருத்தரங்குகள் வேறு திசையில் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டுவந்த விதிகளில், பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் கருத்தரங்கக் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 10, தேசிய அளவு 7.5, மண்டல அல்லது மாநில அளவு 5, உள்ளூர் 3. 2018-ல் விதிகள் மாறிவிட்டன. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் வேரூன்றிய பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரே நாளில் இணை அமர்வுகளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள், ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம், மாலையில் சான்றிதழ். கட்டுரை வாசிக்க வரும் இளம் ஆசிரியர்களிடம் உழைப்பும் ஆசையும் நிறைய இருக்கிறது. அதற்கு ஈடு கொடுக்கும் கேள்விகளை அந்த ஏற்பாடு அவர்களுக்குத் தருவதில்லை, அது எனக்கு வருத்தம். மண்டல அளவுக்குப் பாதிப் புள்ளி என்று வைத்த கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. பெங்களூரில் நடந்ததன் பலமே அது மண்டலக் கூட்டமாக இருந்ததுதான்.

இதைத் திரும்பச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். தமிழ்நாட்டில் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஆங்கிலத் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கல்லூரித் துறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய கணக்குக் கேள்வியைப் படித்துத் தானே புரிந்துகொள்ள எது உதவுகிறது என்பது போல ஒன்று. பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து பாடம் தயாரித்து, மாறி மாறி வகுப்பெடுத்து, ஒருவர் பாடத்தை மற்றவர் உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்புகளோடு கூடட்டும். அந்தக் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர் பார்வையாளராக அல்ல, அறிக்கை வைப்பவராக வர வேண்டும். பெங்களூர் தவறவிட்ட இடம் அது. அடுத்த கூட்டத்துக்கு வர ஒரே தகுதி, இடைப்பட்ட காலத்தில் அந்த வகுப்பில் பாடம் எடுத்திருப்பது.